இரண்டாவது பொட்டலம்

குமாரபாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு மோகனப்பிரியா எழுதுவது.

நானும் நிலாவும் சுகம். அவளுக்குச் சளி குறைந்துவிட்டது. ஐந்து நாளாக நான் உங்கள் போனை எடுக்காததற்கு உடம்பு காரணமில்லை, கோபம்தான். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் தாமதமானாலும் எழுதியே அனுப்புகிறேன்.

மேட்டூர்க் கம்பெனி ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்தது என்றதும் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை போர் போடற ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல கெடக்கறாரு. நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தனியா குவார்ட்டர்ஸ்ல இருப்பியா? அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம் சாமி." சரி என்றேன். வெள்ளைப்பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசாரி பூவை மடிக்கப் போனபோது, "நானே மடிச்சுக் கொண்டாந்துட்டனுங்க" என்று இரண்டு பொட்டலங்களை நீட்டினீர்கள். அம்மன் காலடியிலிருந்து நிலா ஒன்றை எடுத்தாள். சிவப்பு அரளி. அப்போது உங்கள் முகத்தில்தான் எவ்வளவு வருத்தம்!

மற்றப் பொட்டலத்தை நிலா யாருக்கும் தெரியாமல் கையில் எடுத்து வந்திருக்கிறாள். பஸ் சங்ககிரி தாண்டியதும் பிரித்தாள். "அம்மா, இதுலயும் செவப்புத்தான் இருக்குது. அம்மாயி மறந்துட்டாங்களா?"

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? ஆமாம், மறந்துவிட்டார்கள் என்றேன். உங்களுக்காக என் மகளிடம் பொய் சொன்னேன். அந்தக் கோபம் தனி.

பத்து வருடத்துக்கு முன்னால் கோவையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தபோதும் இதே கோயில், இதே பூ. அன்றும் சிவப்பு. "தெய்வமே வேண்டாங்குது" என்றீர்கள். மற்றப் பொட்டலம் உங்கள் மடியில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவள் நான். இத்தனை வருடமும் அந்த அம்மன்மேல்தான் மனத்தாங்கலாக இருந்தேன். பாவம், அவளை நீங்கள் கேட்கவே இல்லையோ என்னவோ.

அப்பா போன பிறகு ஆட்டையாம்பட்டியில் நான்கு தறியைத் தனியாக ஓட்டினீர்களே, அதற்கு யாரிடம் பூக் கேட்டீர்கள்? "பொம்பள தறி ஓட்டறாளாம்" என்று சிரித்தவர்களை வாசலில் நின்று நீங்கள் பேசிய பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாயை எனக்கு மட்டும் ஏன் தராமல் போனீர்கள்?

அவரிடமும் சொன்னேன். "நீ கெளம்பு கண்ணு, அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" என்கிறார். ஏன், எனக்கு வாயில்லையா? நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். குவார்ட்டர்ஸில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீராம். பள்ளி மூன்றரைக்கே விட்டுவிடும், என் வேலை முடிய ஐந்தரை ஆகும். அந்த இரண்டு மணி நேரம் நிலா எங்கே இருப்பாள் என்று இன்னும் முடிவாகவில்லை. இதையெல்லாம் நான் உங்களிடம்தானே சொல்லி அழ வேண்டும்? பூவைக் காட்டி அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டீர்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே அம்மா. நான் கேட்டிருப்பேன்.

பத்தாம் தேதி வேலையில் சேருகிறேன். ஒன்பதாம் தேதி காலையில் சாமான் ஏற்றுகிறோம். அம்மாயி எப்போது வருவார்கள் என்று நிலா தினமும் கேட்கிறாள். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பழைய பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. வரும்போது கொஞ்சம் வெள்ளை அரளி பறித்து வாருங்கள். மடிக்க வேண்டாம், கையிலேயே கொண்டு வாருங்கள்.

உங்கள் ஆசி வேண்டும்
மகள்
மோகனப்பிரியா