தேர்ந்தெடுத்தவர்

வியன்னா
3 மார்ச் 1946

அன்புள்ள ஹெர்த்தா,

நியூசிலாந்தில் நீ நலந்தானே? அங்கே காப்பியாவது காப்பி மாதிரி இருக்கிறதா? இங்கே வறுத்த பார்லியைக் குடிக்கிறோம்.

நாஜிக் கட்சியில் சேர்ந்ததற்காக என் தத்துவப் பேராசிரியர் பதவியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நம் விவாகரத்து உன்னைக் காப்பாற்ற நாம் போட்ட நாடகம் என்று விசாரணைக் குழுவுக்கு ஒரு வரி எழுது. யூதப் பெண்ணின் வார்த்தைக்கு இன்று மதிப்புண்டு.

உன்
லியோபோல்ட்

டனீடன்
20 மே 1946

லியோபோல்ட்,

காப்பி இங்கும் மட்டம்தான். பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறேன்.

நாடகமா? ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "இதோ பாரு, போன வாரம் வரைக்கும் தெருவுல வண்டியெல்லாம் இடப்பக்கம் போச்சு. இப்ப வலப்பக்கம் போகுது. அதுக்காக இடப்பக்கம் பொய்யின்னு ஆயிடுச்சா? எது தோதோ அதை எடுத்துக்கறோம். கல்யாணமும் அப்படித்தான்."

"அப்போ எங்க அம்மா?" என்றேன்.

"அவங்க வேற இடம் பார்த்துக்கட்டும்."

அம்மாவின் வீட்டிலிருந்தே அம்மாவை அனுப்பினாய். நான் கப்பலேறினேன், அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. போலந்து வதைமுகாமுக்குப் போன ரயிலில் ஏற்றிவிட்டார்கள். இதையும் குழுவுக்கு எழுதவா?

ஹெர்த்தா

வியன்னா
2 ஆகஸ்ட் 1946

ஹெர்த்தா கண்ணே,

இத்தனை வன்மம் உனக்கு ஆகாது. அன்று எனக்கு வேறு வழியே இல்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அம்மாவுக்காக நானும் அழுதேன். குழு அக்டோபரில் கூடுகிறது. தயவுசெய்து சீக்கிரம் எழுது.

லியோபோல்ட்

டனீடன்
19 செப்டம்பர் 1946

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வேறு வழியில்லை என்று தாங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எதற்கும் வழி ஒன்றல்ல, நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர் தாங்கள். நான் இன்றும் அதை நம்புகிறேன். சூழ்நிலை பிடித்துத் தள்ளியது என்றால் மனிதன் தப்பித்துக்கொள்ளலாம். தேர்வு என்றால் தேர்ந்தெடுத்தவர்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே குழுவுக்கு விமானத் தபாலில் எழுதிவிட்டேன். இவரை எவரும் வற்புறுத்தவில்லை, நன்கு யோசித்தே செய்தார், காரணங்களை எனக்கு விளக்கவும் செய்தார் என்று. நோட்டரி முன்னால் கையெழுத்திட்டேன்.

தாங்கள் குடியிருக்கும் அம்மாவின் வீட்டைத் திரும்பப் பெற என் வக்கீல் வழக்குப் போட்டிருக்கிறார். காலிசெய்யும்போது சாவியை வாசல் காவல்காரி போக்கோர்னி அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள்.

ஹெர்த்தா கோர்னிட்சர்