தாதி பிரியந்தியின் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆ. குணாளன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
சுகாதாரப் பணியாளர் தற்காலிக உரிமப் பிரிவு,
பினாங்கு.

பொருள்: 3 பிப்ரவரி 2025 அன்று நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல், தாதி திருமதி பிரியந்தி ஹரிசங்கரின் தற்காலிக உரிமத்தில் பணியிடத்தை மாற்றித் தருதல்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்.

1. கடந்த மாதம் என் வீட்டு வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த லெட்டர எழுதினது நீங்கதானா?" கேட்டவர் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் பணிபுரியும் சார்ஜண்ட் ஹரிசங்கர். அவர் மனைவி பிரியந்தி, என் மனைவி ஜெயலெட்சுமிக்கு டயாலிசிஸ் செய்து வந்த தாதி. என் மனைவி இறந்ததற்குத் துக்கம் கேட்க இருவரும் வந்திருந்தார்கள். பிரியந்தி உள்ளே பெண்களோடு அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆமாம் என்றேன். ஹரிசங்கர் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டார். "சரி சார். அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. அழுது முடிச்சிட்டு வரட்டும்."

2. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் மனைவி நான்கு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன், சனி மதியங்களில் எங்கள் வட்டாரத்துத் தொண்டு மையம் ஒன்றில் டயாலிசிஸ் செய்துகொண்டார். சென்ற நவம்பரில் பிரியந்தி அங்கு வேலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பயின்றவர், குவாந்தானில் உள்ள ஒரு மையத்தில் தற்காலிக உரிமத்தோடு பணியாற்றியவர். கணவருக்குப் பட்டர்வொர்த்துக்கு மாற்றல் உத்தரவு வந்ததால் உடன் வந்தார். "அம்மா, தண்ணி கனக்கக் குடிச்சிருக்கிறியள், கால் சொல்லுது" என்பார். "தண்ணி இல்ல பிள்ள, செண்டோல்லா" என்று தேங்காய்ப்பால் பானம் குடித்ததை என் மனைவி ஒப்புக்கொள்வார். நான்கு மணி நேரமும் இருவரும் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

3. ஜனவரி இறுதியில் ஒரு நாள் ஊசி விலகி, என் மனைவியின் கை முழங்கை வரை கன்றி நீலமானது. இது எந்தத் தாதியிடமும் நேரக்கூடியதே என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். அன்று நான் யாரையும் கேட்கவில்லை. மையத்தின் சுவரில் மாட்டியிருந்த உரிமங்களை விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தேன். பிரியந்தியின் உரிமம் 30 ஜூன் 2025 வரை செல்லும் என்றிருந்தது. ஆனால், பணியிடம் என்ற வரியில் குவாந்தான் மையத்தின் பெயர் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும். "வேணாங்க, சும்மா இருங்கலா. அந்தப் பிள்ளைக்கு லேசான கை. ஒரு நாளு தவறிருச்சு, அதுக்குப் போயி" என்றார் என் மனைவி. மறுவாரமே புகாரை உங்கள் அலுவலக முகப்பில் கொடுத்தேன்.

4. பணியிட மாற்றத்துக்குப் பிரியந்தி நவம்பரிலேயே விண்ணப்பித்திருந்தது எனக்குத் தெரியாது. குவாந்தான் மையத்தின் விடுவிப்புக் கடிதம் டிசம்பரில் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் உள்ளது என்பதே பதில். விண்ணப்ப ரசீதை மட்டும் நம்பி மையம் அவரை ஊசி போட விட்டது தவறுதான். அதை நான் மறைக்கவில்லை.

5. மூன்று மாதங்களாக நகராத கோப்பு என் புகாருக்கு எட்டே நாளில் நகர்ந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி பிரியந்தி நிறுத்தப்பட்டார். மாற்றுத் தாதி கிடைக்கவில்லை. மதிய வேளை மூடப்பட்டு, பன்னிரண்டு நோயாளிகள் காலை வேளையில் நெருக்கிச் சேர்க்கப்பட்டார்கள். வாரம் மூன்று முறை என்பது இரண்டானது. என் மனைவிக்குச் சனிக்கிழமை இல்லாமல் போயிற்று.

6. ஏப்ரல் 26, சனிக்கிழமை மாலை முதல் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். ஞாயிறு காலை ஆம்புலன்ஸ் மருத்துவமனையை அடையும் முன் உயிர் பிரிந்தது. நுரையீரலில் நீர் நிறைந்திருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார். ஒரு டயாலிசிஸ் குறைந்ததால் இறந்தார் என்று அவர் எழுதவில்லை. நானும் உங்கள் அலுவலகத்தின் மேல் அப்படி எழுத மாட்டேன். சனிக்கிழமை மதியம் அவர் மையத்தின் கட்டிலில் இருந்திருக்க வேண்டியவர் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

7. மே மாதம் புகாரைத் திரும்பப் பெற உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த ஐனா என்ற அலுவலர் எனக்கு நாற்காலி கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, மலாயில் சொன்னார்: "அங்கிள், புகார் கொடுக்க ஃபாரம் இருக்கு. திரும்ப எடுக்க ஃபாரம் இல்லையே." விசாரணை முடியாமல் பணியிடத்தை மாற்ற இயலாது என்றும், விசாரணை அதிகாரி இன்னும் நியமிக்கப்படவில்லை என்றும் விளக்கினார். ஜூன் 30 கடந்தால் உரிமம் காலாவதியாகும். பிறகு யாழ்ப்பாணத்துச் சான்றிதழ்களிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டு அவர் கணவருக்கு மீண்டும் மாற்றல் வரும்.

8. ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். சுங்கை பாக்காப் தமிழ்ப்பள்ளியிலிருந்து நான் ஜார்ஜ்டவுனுக்கு மாற்றலாகி வந்தபோது, ஒரு கடிதத்தோடு திங்கட்கிழமை வகுப்பில் நின்றேன். எனக்குக் கூட்டல் கழித்தல் தெரியுமா என்று மறுபடி எவரும் சோதிக்கவில்லை. ஊசியும் சுண்ணாம்புக்கட்டியும் ஒன்றல்ல; சோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரியந்தி தன் விருப்பத்தால் ஊர் மாறவில்லை. படையினரின் குடும்பம் அரசாங்க உத்தரவுப்படி இடம் மாறுகிறது. அப்படி மாறியதற்காகவே, செல்லுபடியாகும் உரிமம் ஒன்று செல்லாமல் நிற்கிறது.

9. அந்த மதிய வேளை நோயாளிகளில் இப்போது மீதி இருப்பவர்கள் பதினொரு பேர். புகார் கொடுத்தது நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் வேலை பார்த்த வடிவம்மாள் அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. லிட்டில் இந்தியாவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் பேசுகிறார்: "வாத்தியாரே, பரீட்சை வச்சது நீங்க, பெயிலாகுறது நாங்களா?" அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். பதில் சொல்ல உங்களால் முடியும்.

10. ஆகவே வேண்டுகிறேன்: என் புகாரைத் திரும்பப் பெற்றதாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது விதிப்படி இயலாதெனில், விசாரணையை இந்த வாரமே தொடங்குங்கள். அழைத்த நாளில் வந்து சாட்சி சொல்கிறேன். ஜூன் 30க்குள் பிரியந்தியின் பணியிடத்தை மாற்றித் தாருங்கள். மாற்றல் உத்தரவால் ஊர் மாறும் படையினரின் துணைவர்களுக்கு, முடிவு வரும்வரை புதிய இடத்தில் மேற்பார்வையின் கீழ் பணியாற்ற இடைக்கால அனுமதிக் கடிதம் ஒன்று கிடைக்க வழி செய்யுங்கள்.

இதன் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். அன்று சொல்ல வேண்டாம் என்று அவர் கணவர் கேட்டுக்கொண்டார்; இப்போது ஒரு நகலைப் பிரியந்திக்கும் அனுப்புகிறேன். அவர் இதை என் கையெழுத்தில் அறிவதே முறை.

தங்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்று யார் யாருக்கு இடமில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைத் தங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நாள்: 9 ஜூன் 2025
இடம்: ஜார்ஜ்டவுன்

இப்படிக்கு,
ஆ. குணாளன்
(கையொப்பம்)