காலையில் எடுத்த பிரஷர்

ஓக்னியான்,

போனை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறாய். உன்னைத் தேடி மரம் அறுக்கும் மில்லுக்குப் போகிறேன். எனக்கு முன்னால் நீ வந்துவிட்டால் முதலில் உட்கார். ஓடு மாற்றுகிறேன் என்று கூரைமேல் ஏறாதே.

மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். கர்ப்பிணிகள் ஆராய்ச்சிக்காக நம் வீட்டுக் கருவி அனுப்பும் பிரஷர், மாலையில் சரியாக இருக்கிறதாம். காலையில் மட்டும் இரண்டு வாரமாக நூற்றுத் தொண்ணூறாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று பதறி ஓடினேன். மூன்று முறை பார்த்தார்கள். எனக்கு நூற்றுப் பத்துதான்.

"காலையில யாரும்மா பட்டையக் கட்டுறது?" என்று நர்ஸ் ஸ்வெத்தா கேட்டாள்.

"என் வீட்டுக்காரர். நான் தூங்கறப்பவே எடுத்துடுவார்."

"உன் கையிலயா, அவர் கையிலயா?"

என் தூக்கம் கெடக்கூடாதென்று உன் கையில் கட்டிக்கொண்டாயா, மடையா? இந்த ஆராய்ச்சியே வீண் வேலை என்று நேற்று அப்படிக் கத்தினாயே!

"அந்த மனுஷன இப்பவே கூட்டிட்டு வா" என்றாள்.

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. உப்புப் போடவில்லை, நீயும் போடாதே. ஊறுகாய் ஜாடியைத் தொடாதே.

தில்யானா

குழந்தை நன்றாக இருக்கிறது. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உன்னை நினைத்த பதற்றத்தில் மறந்துபோனேன்.