நாற்பத்தொன்றாவது ஸ்லைடு

அன்புள்ள அக்காவுக்கு,

"புரதம்னா முட்டைதானேடா, அதுக்கு எதுக்கு இத்தனை வருஷப் படிப்பு?" என்று போனில் கேட்டாய். சிரித்துச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன்.

ஹார்மோன் செல்லுக்குள் போய் பூட்டில் சாவிபோலத் தன் ஏற்பியில் உட்கார்ந்தால் மட்டும் மரபணு வேலையைத் தொடங்கிவிடாது. ஒரு துணைப் புரதம் வந்து தூண்டிவிட வேண்டும். மார்புக் கட்டியை எடுத்த பிறகு நீ தினமும் போடும் மாத்திரை ஹார்மோனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தூண்டலைத் தடுக்கிறது. துணைப் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் மாத்திரை தோற்றுப்போகலாம். கட்டிகளில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

உனக்கு அறுவை செய்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு வரும் கட்டித் துண்டுகளில் பெயர் இருக்காது. எண், வயது, அறுவை நடந்த தேதி, அவ்வளவுதான். நாற்பத்தொன்றாவது ஸ்லைடு முழுக்க அந்தப் புரதம் இருப்பதைக் காட்டும் பழுப்புச் சாயம். எங்கள் தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "அருமையான படம்ப்பா, கட்டுரைல முதல் படமா போட்டுடலாம்" என்றார். நான் தேதியைப் பார்த்தேன். உனக்கு அறுவை நடந்த நாள்; வயதும் உன் வயதுதான்.

"சார், இது எங்க அக்காவோடது."

"நம்பருக்கு ஏதுப்பா அக்கா? வெளிய சொன்னா உன் வேலை போயிடும்."

ஆய்வுக்கூட விதி உன் பெயரைக் காப்பாற்றுகிறதாம். உன்னை யார் காப்பாற்றுவது என்று அதில் எழுதவில்லை.

உன் டாக்டரிடம் வேறு யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன். "இதை வெச்சு மருந்தை மாத்த முடியாது தம்பி. கட்டி திரும்ப வந்தாத்தான் தெரியும்" என்றார்.

இதை அனுப்பினால் வேலை போகும், போகட்டும். ஆனால் படித்து முடித்த பிறகு நீ செய்வதற்கு ஒன்றும் இல்லை, அக்கா. இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்.

உன் தம்பி