சிப்பியைக் கழித்த கணக்கு

உலர்த்தும் அடுப்பைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பாக் நீரிணையில் நாம் நட்டு வளர்த்த கடற்புல்லின் அடியிலிருந்து எடுத்த சேறு. பக்கத்து அறைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நீ இருந்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாய். நான் சன்னலைத் திறந்துவைத்தேன்.

இதே புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்தவள் நீ. வேலைக்கு வரும்வரை கடலையே பார்த்ததில்லை. “புனேயில ஏதுங்க கடல் ஆராய்ச்சி?” என்று யாராவது கேட்டால், “அரே, சேறு வந்துடுச்சில்ல? அது போதும்” என்பாய். அந்தப் புல் எவ்வளவு கார்பனை மண்ணுக்குள் சேர்த்துவைக்கிறது என்று அளப்பதுதான் நம் வேலை. ஒரே நாளில் சேர்ந்தோம் என்றாலும் பிடிவாதத்தில் நீ எனக்கு சீனியர்.

சேற்றில் அமிலத்தைச் சொட்டுவாய். நுரை பொங்கும். “பாருடி, இதெல்லாம் சிப்பித்தூள். சிப்பியில இருக்கற கார்பன் புல்லு சேர்த்துவச்சதா? முதல்ல இதைக் கரை, அப்புறம் அள.” டீ ஆறுகிறது என்று நான் கத்தினால், “ஜா ஜா, நீ போய்க் குடி” என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற வாரம் நம் ஆய்வகத் தலைவர் கூப்பிட்டார். அமிலத்தில் கழுவ நேரமில்லை, அப்படியே அளந்து கொடு என்றார். சிப்பியோடு அளந்தால் எண் பெரிதாக வரும் என்பது அவருக்கா தெரியாது? புல் நடப் பணம் தரும் கம்பெனிக்குப் பெரிய எண் வேண்டுமாம். “சின்ன நம்பர் குடுத்தா அடுத்த வருஷம் நடவே கிடையாது. நஷ்டம் புல்லுக்குத்தான்” என்றார். அது என்னைச் சுட்டது, மறைக்கமாட்டேன்.

“பொய்னு தெரிஞ்சா அப்புறம் எவனும் எங்கயும் புல்லு நடப் பணம் தரமாட்டான் சார்” என்றேன்.

“அப்ப ரிப்போர்ட்ல உன் பேரை எடுத்துடறேன். அவ பேரு மட்டும் இருக்கட்டும். அவ வந்து கேக்கப் போறாளா?”

“அவ சார்பா நான் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேறு முழுவதையும் கழுவினேன். எண் பாதியாக இறங்கியது. ஆனாலும் பக்கத்து வெறும் மணலைவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் புல் சேர்த்தது, அதை ஒருவரும் மறுக்கமுடியாது. அறிக்கையை நம் இருவர் பெயரோடும் கம்பெனிக்கு நானே அனுப்பிவிட்டேன், அவருக்கும் ஒரு பிரதி வைத்து.

என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வராமல் போகட்டும். வேறு இடத்தில் போய்ச் சேற்றை அளப்பேன். உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறதடி. செத்தவள்தானே என்று உன் பெயரில் இனி எவரும் பொய் எழுதமுடியாது.