கோட்டுக்குள்ளே அண்ணை இல்லை

1996 மே 5, ஞாயிறு

இந்த வருடத்தின் முதல் பயிற்சி. அஜின்கோர்ட்டில் அதே பள்ளிக்கூட மைதானம். முந்தாநாள் மழை பெய்து கோல் வாசலில் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. கோல் காப்பவன் நான் என்பதால் சேறும் எனக்குத்தான் சொந்தம்.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க அணிக்கு ஏழு வருடமாகக் கோல் காக்கிறேன். விருப்பமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அணி தொடங்கிய நாளில் வயதில் சின்னவன் நான், அதுதான் தகுதி. எங்களில் யார் எங்கே நிற்பது என்பதைக் கால் தீர்மானிப்பதில்லை, படித்த ஆண்டுதான் தீர்மானிக்கிறது. எழுபதாம் ஆண்டுக்காரர் முன்னுக்கு, எழுபத்தைந்து நடுவில், எண்பதுக்குப் பிறகு வந்த குஞ்சு குருமன்கள் பின்னுக்கு. பந்து யாருக்குக் கிடைத்தாலும் சண்முகலிங்கம் அண்ணையிடம் போய்ச் சேரவேண்டும். சங்கத் தலைவர், வயது நாற்பத்தைந்து, முன்வரிசையில் நடுவில் நிற்பவர்.

ஒரு மணித்தியாலம் விளையாட்டு, பிறகு கார் பார்க்கில் முக்கால் மணித்தியாலம் அவருடைய பேச்சு. ஊரில் எதிரும் புதிருமாக நின்ற கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இங்கேயும் ஆகஸ்ட்டில் மோதுகிறோமே, அதில் போன வருடம் நான் நாலு கோல் விட்டதை இன்றைக்கும் எடுத்தார். முதல் நாளே! நாலில் மூன்று அவர் பந்தைப் பறிகொடுத்து வந்தவை. சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எண்பத்தெட்டு டிசம்பரில் நான் ஊரிலிருந்து வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து, தன் குளிர்க்கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுக் கூட்டி வந்த மனிதர். இப்போது செய்கிற வேலையும் அவர் தான் வேலைசெய்கிற இடத்திலேயே எடுத்துத் தந்ததுதான்.

இந்த ஆகஸ்ட் சமர்தான் எனக்குக் கடைசி என்று மனைவி மலரிடம் சொல்லிவிட்டேன். பத்து வயதில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் பந்துக்கு ஓடினவன் நான். இப்போது ஞாயிறு வந்தாலே சப்பாத்தைத் தேடி எடுக்க மனம் வருவதில்லை. "போன வருசமும் இதைத்தான் சொன்னீங்கள்" என்றாள். அவளுக்கு என்ன, சொல்லுவாள்.

மே 12, ஞாயிறு

புதிய கோச் வந்திருக்கிறார். செயலாளர் நவரட்ணம் எங்கேயோ பிடித்து வந்தவர். பெயர் யோசப். மன்னார்ப் பக்கம். வயது இருபத்தொன்பது, எங்களில் அநேகரைவிட இளையவர். பேக்கரி ஒன்றுக்குப் பாண் வான் ஓட்டுகிறாராம். மாவட்ட அணியில் விளையாடியவராம்.

சண்முகலிங்கம் அண்ணை கேட்ட முதல் கேள்வி, "தம்பி எந்தக் கல்லூரி?"

"கல்லூரி எண்டு ஒண்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்போட கடலுக்குப் போயிட்டன்" என்றார் யோசப், சும்மா நேரம் சொல்வது போல. எல்லோரும் புல்லைப் பார்த்தோம்.

பிறகு ஒரு சட்டம் போட்டார். "கோட்டுக்கு வெளியில அண்ணை, ஐயா எல்லாம் உங்கட விருப்பம். கோட்டுக்குள்ள பேர் மட்டும்தான். சண்முகலிங்கம் அண்ணை கொஞ்சம் இடப்பக்கம் பாருங்கோ எண்டு சொல்லி முடிக்க முதல் பந்து போயிடும்."

நல்ல பகிடி என்று நினைத்தேன். பகிடியில்லை.

மே 19, ஞாயிறு

ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை! பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, அண்ணை என்றால் யோசப் விசில் ஊதுகிறார். ஒரு மணித்தியாலம் மௌன விரதம். நவரட்ணம் பந்து கேட்கக் கையைத் தட்டினார், கோவிலில் மேளக்காரரை நிறுத்தச் சொல்வது போல. நான் "ஹேய்" என்றேன். கடைசியில் பின்வரிசை அன்புராசாதான் – அவன் எப்போதும் வாய்க்காரன் – "நவரட்ணம், இஞ்சால!" என்று கத்திவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். சிரிப்புத் தாங்காமல் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மைதானத்தில் நான் கடைசியாகச் சிரித்தது எப்போது?

ஜூன் 2, ஞாயிறு

இன்றைக்கு யோசப் எல்லாரையும் இடம் மாற்றினான். (கோட்டுக்குள் அவனை "யோசப்" என்று கூப்பிட்டுப் பழகி இங்கேயும் "அவன்" வந்துவிட்டது. இருக்கட்டும்.) என்னை முன்வரிசையில் விட்டான். சண்முகலிங்கம் அண்ணையைக் கோலுக்குள்!

அவர் மூக்கு விடைத்தது. ஆனால் எல்லோர் முன்னாலும் மறுக்கவும் முடியவில்லை, போய் நின்றார். அன்புராசா உருட்டிய பந்து என் காலுக்கு வந்தது. யோசிக்கவில்லை. அடித்தேன். அவர் பாய்ந்தார் – உண்மையாகவே பாய்ந்தார், அந்த வயிற்றோடு – பந்து கைக்கு மேலால் உள்ளே போனது. நான் சந்தோசத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, உடனே "சாரி அண்ணை" என்றேன். விசில்.

சேற்றில் கிடந்தபடி அவர் சிரித்தார். ஒரு கணம்தான். பிறகு எல்லோரும் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் எழும்பி மார்பைத் தட்டித் துடைத்துக்கொண்டார். நான் கண்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

மழை. பயிற்சி இல்லை. நாள் முழுக்க மனம் சரியில்லை. மழைக்காகவா? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

ரெக்ஸ்டேலில் ஒரு பஞ்சாபி அணியோடு சினேகபூர்வ ஆட்டம். 2–3, தோல்வி. சண்முகலிங்கம் அண்ணை கார் பார்க் பக்கம் நடந்து தொண்டையைச் செருமினார். யோசப் வானின் பின்கதவைத் திறந்து முந்தின நாள் மிஞ்சிய பணிசுகளை இறக்கினான். அவன் மனைவி அனோஜா ஒரு வாளி நிறையச் சம்பல் கொடுத்துவிட்டிருந்தாள். வாயும் கையும் நிறைந்திருக்க, பேச்சைக் கேட்க ஒருவரும் சும்மா இல்லை. பஞ்சாபிக்காரரும் வந்து நின்று தின்றார்கள். உறைப்பில் ஒருவர் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மலர், "தோத்துப்போட்டு வந்த முகமே உது?" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்னொரு சினேகபூர்வ ஆட்டம். வென்றோம், 3–1. இரண்டாம் பாதியில் யோசப், சண்முகலிங்கம் அண்ணையை வெளியே எடுத்தான். "சண்முகலிங்கம், வாங்கோ, களைச்சுப் போனியள்" என்றான், மரியாதையாகத்தான். அவர் பையை மடியில் வைத்து ரோட்டைப் பார்த்தபடி ஓரத்து மரவாங்கில் இருந்தார். மூன்று கோலும் அவர் வெளியே போன பிறகு அடித்தவை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஜூலை 27, சனி

நிர்வாகக் கூட்டம், தில்லையம்பலம் மாஸ்டர் வீட்டு பேஸ்மென்டில். மாஸ்டர் எங்கள் சங்கத்தின் காப்பாளர். பொதுவாக நித்திரை, இன்றைக்கு விழித்திருந்தார்.

சண்முகலிங்கம் அண்ணை அமைதியாகத்தான் பேசினார். ஆகஸ்ட் போட்டியில் கல்லூரிக் கொடிக்குக் கீழே, கல்லூரிப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது, கோச்சின் கதிரையில் இருக்கிறவர் எந்த ஆண்டு மாணவன் என்று நாலு பேர் கேட்டால் என்ன பதில்? எங்கள் பழைய மாணவன் ஒருவனே இருக்கட்டும். யோசப்பில் தனக்குக் கோபமில்லை, இது கல்லூரியின் மானம்.

ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னார். பதினாலு பேரில் பதினொரு கை. அதில் ஒன்று என்னுடையது.

ஏன் தூக்கினாய் சச்சிதானந்தா? அவர் பார்த்தார். அவ்வளவுதான். கை தானா எழும்பிச்சுது. அன்புராசா தூக்கேல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு பார்க்கவே இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

யோசப்புக்கு அறிவிக்கிற வேலை உதவிச் செயலாளருக்காம். உதவிச் செயலாளர் நான். ரெக்ஸ்டேலில் அவன் வீட்டுக்கு நேரே போய்ச் சொல்லியிருக்கலாம், போனில் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தீர்மானம், கல்லூரி மரபு, தங்கள் சேவைக்கு நன்றி – அறிக்கை வாசிப்பது போல வாசித்தேன்.

அவன் முடியும்வரை கேட்டான். பிறகு, "பரவாயில்லை அண்ணை" என்றான்.

அண்ணை. பதினொரு கிழமையாக என்னைச் சச்சி என்றவன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நான் கோலுக்குள். எழுபதாம் ஆண்டு முன்னுக்கு. பேச்சு ஐம்பது நிமிடம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பதினாறு பேரில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அன்புராசா இல்லை. மலர் கேட்டாள், உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று. ஒன்றுமில்லை என்றேன். பொய்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போட்டி நாள். கொடி, ஒலிபெருக்கி, ரோல்ஸ் கடை, பிள்ளைகள், எல்லாம் வழக்கம் போல. அன்புராசாவும் வந்திருந்தான், என் பக்கம் வரவில்லை. கோச் கதிரையில் தில்லையம்பலம் மாஸ்டர். அவருக்குப் பந்தடி பற்றித் தெரிந்தது, பந்து வட்டம் என்பது.

முதல் பாதி முடிய 0–2. சண்முகலிங்கம் அண்ணை எங்களை வட்டமாக நிறுத்தினார். மானம், ரத்தம், பரம்பரை என்று பேச்சுப் போனது. தோடம்பழத் துண்டு கையில் இருக்க ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

நான் எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அண்ணை, நான் அண்டைக்குக் கை தூக்கினது பிழை. யோசப் வேண்டாமெண்டு தூக்கேல்லை. நீங்கள் பார்த்தியள் எண்டு தூக்கினனான்."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவு செய்தனான் உனக்கு" என்றார். மெல்லத்தான் சொன்னார். விசில் ஊதிவிட்டார்கள்.

0–3. ஆட்டம் முடிந்து அவர் கார் பார்க்கில் போய் நின்றார். நவரட்ணத்தைத் தவிர ஒருவரும் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன், கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அவருக்கு நான் செய்தது சரியா? சரி. நோகாமல் செய்ய ஒரு வழி இருந்ததா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரெக்ஸ்டேலுக்குப் போனேன். அனோஜா கதவைத் திறந்தாள், சிரிக்கவில்லை. இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். யோசப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். காரில் பாடமாக்கிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. கை தூக்கினேன், பிழை, மன்னித்துக்கொள் – மூன்றே வசனம்.

"கை தூக்கினது எனக்கு விளங்குது" என்றான். "அவர் உங்களுக்குச் செய்தவர், எனக்கும் தெரியும். போனில சொன்னியள் பாருங்கோ. அதுதான் நொந்தது. நான் உங்களோட சேத்துக்குள்ள உருண்டவன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

சங்கம் வேண்டாம், கொடி வேண்டாம், சும்மா ஒரு பார்க்கில் ஞாயிறு பின்னேரம் விளையாடுவோமா என்று கேட்டேன். உடனே ஓம் என்று சொல்லவில்லை. "ஆர் ஆர் வருவினம்?" என்றான். நேற்றே அன்புராசாவிடம் போய் நின்றிருந்தேன். என்னை இரண்டு வார்த்தை ஏசிவிட்டு, வருகிறேன் என்றிருந்தான். இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர் என்று யோசப்பிடம் சொன்னேன். "அப்ப ஒரு கோல் போதும்" என்றான்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

ஏழு பேர்.

செப்ரெம்பர் 29, ஞாயிறு

பதினாறு பேர். ஆகஸ்ட்டில் எங்களுக்கு மூன்று அடித்த கல்லூரிக்காரரிலும் நாலு பேர் வந்தார்கள். எந்தக் கல்லூரி என்று யோசப் ஒருவரையும் கேட்பதில்லை. பெயரைக் கேட்கிறான், எந்தக் கால் என்று கேட்கிறான். நான் இன்றைக்கு இரண்டு கோல் அடித்தேன், மூன்று சுலபமான கோலை வானத்துக்கு அடித்தேன். பிழைவிட்டால் யோசப் சொல்வது ஒன்றே ஒன்று: "இன்னொருக்கா அடி."

ஒக்ரோபர் 20, ஞாயிறு

குளிர். இலையெல்லாம் கொட்டிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு விளையாடினோம்.

பார்க் ஓரத்தில் ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கார், சண்முகலிங்கம் அண்ணையுடையது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் உள்ளேயே இருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரு கண் அங்கேதான். அன்புராசா என்னைப் பார்த்தான். யோசப் என்னைப் பார்க்கவே இல்லை. அதுவும் என்னைப் போகச் சொன்னதுதான்.

போனேன். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். ஆகஸ்ட்டுக்குப் பிறகு வேலையிடத்தில் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"ஏன் அண்ணை காருக்குள்ள இருக்கிறியள்? குளிருது, வாங்கோவன்."

"என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். பந்தடிச் சப்பாத்தை வீட்டிலேயே காலில் போட்டு, கயிறு கட்டி வந்திருந்தார்.

"இப்ப கூப்பிடுறன்" என்றேன்.

இறங்கினார். புல்வரை என்னோடு நடந்து வந்து கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். ஏழு வருடம் எங்கள் எல்லோரையும் எங்கே நிற்பது என்று நிறுத்தி வைத்த மனிதர், தன்னைவிடப் பதினாறு வயது இளைய யோசப்பைப் பார்த்து, "நான் எதிலை நிக்கட்டும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதில நிக்க விருப்பம்?" என்றான் யோசப்.

அந்தக் கேள்வியைச் சண்முகலிங்கம் அண்ணையிடமும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் மைதானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, "கோலுக்குள்ள விடுங்கோ" என்றார்.

பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விளையாடினோம். அவருக்கு ஏழு கோல் போனது, ஏழுக்கும் பாய்ந்தார். முழங்கால் இரண்டும் எனக்கு உளைகிறது. இன்னும் இரண்டு கிழமையில் பனி மூடிவிடும், பிறகு மே மாதம்வரை ஒன்றுமில்லை. அவ்வளவு நாள் எப்படிப் பொறுத்திருப்பது என்று தெரியவில்லை.