ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு

மச்சாள்,

இன்று பட்டிப்பொங்கல். என் மகள், உங்கள் மருமகள், நேற்று ஒட்டுசுட்டான் சந்தையில் வாங்கிய புதுத் தும்புக் கயிற்றைக் காலையில் என் மடியில் போட்டு, "நீங்கள் கட்டுங்கோ அம்மா" என்றாள். ஊறின தேங்காய் மட்டை மணம் மூக்கில் ஏறியது. குசினியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். அவள் வாசலில் கன்றோடு காத்துக்கொண்டு நிற்கிறாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் ஊருக்கு வந்தவள் நான். பாலைப் போத்தலில் மட்டும் கண்டவள். என் முதல் பட்டிப்பொங்கலன்று நீங்கள் மாடுகளைக் குளத்தில் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பட்டி வாசலிலேயே பொங்கினீர்கள். பொங்கலில் முதல் பிடி மாட்டுக்கு. பிறகு பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு கட்டவேண்டும். கெட்டிக்காரி என்று காட்ட நினைத்து, சுட்டிப்பசுவுக்கு நானே கட்டினேன். அது தலையை இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, கண் பிதுங்கிவிட்டது. புதுக்கயிற்றை நீங்கள் கத்தியால் அறுக்கவேண்டி வந்தது.

"மாட்டுக்குத் தூக்குப் போடுறீரோ?" என்று கேட்டீர்கள். அந்த வருடம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு உங்கள் முடிச்சைக் காட்டித் தந்தீர்கள். எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஆனால் தொங்கும் நுனியை ஒருமுறை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும். பாம்போ நெருப்போ வந்தால் மாடு ஓடவேண்டும் அல்லவா என்றீர்கள். எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை. என் முடிச்சுகள் எல்லாம் இறுகுகிற முடிச்சுகள்தான்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது உங்கள் தம்பி வேலை விஷயமாக யாழ்ப்பாணம் போனார். சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இரண்டு வருடம் கழித்து ஊரைவிட்டு எழும்பவேண்டி வந்தபோது நீங்கள், நான், பிள்ளை, சுட்டி, ஒரு சைக்கிள், இவ்வளவுதான். சைக்கிளில் இடமில்லையென்று நான் அண்டாவை விட்டுவந்தேன். நீங்கள் பட்டிப்பொங்கலுக்கென்று முன்கூட்டியே வாங்கிய புதுக்கயிற்றை ஹாண்டிலில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். வழி முழுக்க அதற்காக உங்களோடு சண்டை பிடித்தேன்.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு தென்னங்காணியில் தறப்பாள் கட்டி, பங்கர் வெட்டி இருந்தபோது அந்தப் பொங்கல் வந்தது. வெடிக்கு அந்த வருடம் குறைவில்லை. கோலம் போட மா இல்லை. மேலே வேவு விமானம் சுற்றிக்கொண்டிருந்ததால் புகை தெரியாமல், ஓலை மறைப்புக்குள் இரண்டு பிடி அரிசியைப் பொங்கினீர்கள். பிள்ளை பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, முதல் பிடியை எடுத்துச் சுட்டியின் வாயில் வைத்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் மனுசியா என்று கேட்டேன். நீங்கள் புதுக்கயிற்றை அதன் கழுத்தில் கட்டினீர்கள். மிச்சப் பொங்கலை எனக்கும் பிள்ளைக்கும் பிரித்துவைத்தீர்கள். நீங்கள் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு நாளும் உங்களோடு நான் பேசவில்லை.

சுட்டியின் பாலில்தான் என் பிள்ளை உயிரோடு இருந்தாள். அதனால்தான் அதை அவிழ்த்துவிட நான் சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் மாடுகளை அவிழ்த்துக் காட்டுக்குள் துரத்திவிட்டார்கள். நீங்களும் கேட்டீர்கள். நான் மாட்டேன் என்றேன். ஒரு மத்தியானம் ஷெல் விழத் தொடங்க, நாங்கள் பங்கருக்குள் இருந்தோம். தென்னையில் கட்டியிருந்த சுட்டி கத்தியது. நீங்கள் அதை அவிழ்க்க மேலே ஏறப்போனீர்கள். நான் உங்கள் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விடும், ஒரு இழுவைதானே என்று கெஞ்சினீர்கள். நான் விடவில்லை. மண் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு சுட்டியின் சத்தம் இல்லை.

மேலே வந்து கயிற்றை அவிழ்த்துக் கழுவி, தறப்பாளில் காயப்போட்டீர்கள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "கட்டினவ தான் அவிழ்க்கவேணும். நான் அவிழ்க்கேல்லை" என்று மட்டும் சொன்னீர்கள்.

கடைசியில் முள்ளிவாய்க்கால். முன்னால் கடல், பின்னால் நந்திக்கடல் நீரேரி, நடுவில் கால் வைக்க இடமில்லாத சனம். ஒருநாள் காலையில் எல்லாரும் அக்கரைக்குப் போக நந்திக்கடலுக்குள் இறங்கத் தொடங்கினார்கள். பிள்ளையை என் முதுகோடு சேலையால் கட்டினேன். சனத்துக்குள் பிரிந்துவிடாமல் என் இடுப்பையும் உங்கள் இடுப்பையும் சேர்த்துக் கட்டச் சுட்டியின் கயிற்றை எடுத்தேன். நீங்கள் அதைப் பறித்துக்கொண்டீர்கள்.

"நீர் கட்டினா பிறகு ஒருத்தராலயும் அவிழ்க்கேலாது. விடும், நான் கட்டுறன்."

அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, மச்சாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தபோது எங்கோ வெடித்தது. கயிறு என்னைப் பின்னால் இழுத்தது. திரும்பினேன். நீங்கள் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருந்தது. கால் வரவில்லை என்றீர்கள். நான் கயிற்றைப் பிடித்து உங்களை இழுத்தேன். இழுக்க இழுக்க நான் தாழ்ந்தேன். முதுகில் பிள்ளை தண்ணீரைக் குடித்து இருமினாள். உங்கள் கை தண்ணீருக்கடியில் போவதைக் கண்டேன். அடுத்த கணம் கயிறு தளர்ந்தது. சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

முகாமில் வைத்தும், பிறகு உங்கள் தம்பி வந்து சேர்ந்தபோதும், கயிறு அறுந்துபோச்சு என்றுதான் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கரையேறியதும் அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிப் பார்த்தவள் நான். முனையில் ஒரு தும்புகூடப் பிரிந்திருக்கவில்லை. அது இன்னும் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மகள் ஒருமுறை எடுத்து, இது என்ன பழைய கயிறு என்று கேட்டாள். மாமியின் கயிறு என்றேன்.

வாசலில் அவள் திரும்பவும் கூப்பிடுகிறாள். போய்க் கன்றுக்கு அவளையே கட்டச் சொல்லப்போகிறேன். அவளுக்கு உங்கள் கை. இறுகாத முடிச்சு அவளுக்கு எப்படியோ வருகிறது. என் கைக்கு இன்றும் இறுகுகிற முடிச்சு ஒன்றுதான் தெரியும்.

அன்றைக்கு அதை நான் போட்டிருக்கவேண்டும், மச்சாள்.